பிக்கப் பெட்டுக்கு அடியில் கூஸ்நெக் ஹிட்ச்: அளவெடுப்பதிலிருந்து முதல் இழுவை வரை

கூஸ்நெக் ஹிட்ச் என்பது பிக்கப்பின் பெட்டில், அதாவது பின்பக்கச் சரக்குத் தொட்டியில், ஓர் இரும்புக் குண்டை நிறுத்தி அதில் கனமான டிரெய்லரைக் கோக்கும் அமைப்பு. அதைப் பெட்டுக்கு அடியில் மாட்டும் வேலையில், செய்துவிட்டால் திருப்ப முடியாத காரியம் ஒன்றுதான்: பெட் தளத்தின் நடுவில் போடும் 4 அங்குலத் துளை. மீதி எல்லாம் நட்டும் போல்ட்டும். தப்பாக மாட்டினால் கழற்றி மறுபடி மாட்டிக்கொள்ளலாம். அதனால் இந்தப் பதிவில் துளைக்கு முந்தைய அளவெடுப்பு நீளமாகவும், வயரிங் மாதிரியான விஷயங்கள் சுருக்கமாகவும் இருக்கும்.

வேலை நடந்த வண்டி 'முக்கால் டன்' எனப்படும் கனரக வகை பிக்கப். ஆறரை அடி பெட், இரும்புத் தளம், மேலே ஸ்பிரே லைனர். கிட் வெல்டிங் தேவைப்படாத வகை: ஃபிரேமில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு நிற்கும். குண்டு 2-5/16 அங்குலம், ஹிட்ச்சின் தாங்குதிறன் 30,000 பவுண்டு.

கிட் வாங்கும் முன் பெட் தளத்தை ஒரு முறை உற்றுப் பாருங்கள். ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம், செவ்ரோலெட் சில்வராடோ ஹெச்டி போன்ற கனரக பிக்கப்களில் சமீப ஆண்டு வண்டிகள் பலவற்றில் கூஸ்நெக் மாட்டுவதற்கான முன்னேற்பாடு கம்பெனியிலிருந்தே வந்திருக்கும். தளத்தில் நடுவில் ஒரு பெரிய துளை, சுற்றி நான்கு சிறிய துளைகள், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் மூடி. அப்படி இருந்தால் இந்த வேலையே வேண்டாம். அந்த வண்டிக்கான குண்டை மேலிருந்து இறக்கிப் பூட்டினால் முடிந்தது.

எடைக் கணக்கு முதலில்

ஹிட்ச் மேல் 30,000 என்று எழுதியிருப்பது ஹிட்ச்சின் பலம். வண்டியின் பலம் வேறு, முக்கால் டன் வண்டியில் அது இதைவிடக் குறைவு. கூஸ்நெக் டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை குண்டின் மேல் நேராக இறங்கும். 14,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 20 சதவீதக் கணக்கில் 2,800 பவுண்டு. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பயணிகளும் சரக்கும் சேர்ந்து 2,400 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று போட்டிருந்தால், வண்டியில் ஆள் ஏறுவதற்கு முன்பே எல்லை தாண்டியாயிற்று. டீசல் எஞ்சின், நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் என்று சேரச் சேர அந்த ஸ்டிக்கர் எண் இறங்கிக்கொண்டே வரும். ஹிட்ச்சின் சொந்த எடையையும் அதில்தான் கழிக்க வேண்டும், கிட் மொத்தமாக 50 கிலோவுக்கு மேல் வரும். பின் ஆக்ஸிலின் அனுமதி எடை, டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட தாங்குதிறன், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எல்லை, இந்த மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். எதில் முதலில் இடிக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை.

குண்டு எங்கே உட்கார வேண்டும் என்பதும் எடைக் கணக்கின் பகுதிதான். பின் ஆக்ஸிலின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால், வழக்கமாகச் சில அங்குலம். நேர் மேலே இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் மட்டும் போகக்கூடாது. வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே உள்ள தூரம்) 160 அங்குலம், குண்டு 4 அங்குலம் முன்னால், இறங்கும் எடை 2,400 பவுண்டு என்று வைத்தால், அதில் 60 பவுண்டு முன் ஆக்ஸிலுக்குப் போகும். சின்ன எண்தான், ஆனால் திசை சரி: ஸ்டீயரிங் சக்கரங்கள் தரையில் அழுந்துகின்றன. இதையே பம்பருக்கு அடியில் மாட்டும் ஹிட்ச்சோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஆக்ஸிலுக்கு 60 அங்குலம் பின்னால் 1,200 பவுண்டு இறங்கினால் முன் ஆக்ஸிலிலிருந்து 450 பவுண்டு தூக்கப்படும், பின் ஆக்ஸில் 1,650 பவுண்டு சுமக்கும். பாதி எடைக்கே அந்த நிலைமை. கூஸ்நெக்கின் முழு லாபமும் குண்டின் இடத்தில்தான் இருக்கிறது.

கருவிகள்

கிட்டில் வருபவை: குண்டு உட்காரும் நடுத்தலை, முன்னும் பின்னும் இரண்டு கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), இடது வலது சைடு பிளேட், குண்டு, பூட்டுக் கைப்பிடி, சங்கிலிக்கான யூ போல்ட், அதற்கான ஸ்பிரிங், போல்ட் பை. பையைக் கொட்டி, கிட்டோடு வரும் வழிமுறைத் தாளோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தூக்க வேண்டும். போல்ட் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. ஒன்று குறைகிறது என்று கையில் கிடைத்த போல்ட்டைப் போடுவது இந்த வேலையில் ஆகாது.

நம் பக்கம் வேண்டியவை: 4 அங்குல பைமெட்டல் ஹோல் சா (வட்டத் துளை வெட்டும் ரம்பம்), அதை டிரில்லில் பிடித்துவைக்கும் பெரிய ஆர்பர், பக்கக் கைப்பிடி உள்ள, குறைந்த வேகத்தில் ஓடும் டிரில், 1/8 மற்றும் 1/4 பிட்கள், சென்டர் பஞ்ச், முறுக்கு விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச், 1/2 அங்குல போல்ட்டுக்கு 3/4 சாக்கெட், 5/8 போல்ட்டுக்கு 15/16 சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், தட்டைத் தலை ஜாக், ஸ்டாண்ட், அரைவட்ட அரம், வெட்டு எண்ணெய், துத்தநாகப் பிரைமர், வலுவான காந்தம், வாக்குவம். ஆர்பரில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஹோல் சாவின் முதுகில் உள்ள துளைகளுக்குள் போய் நிற்கும் இரண்டு பின்கள் உள்ளதுதான் வேண்டும். பின் இல்லாத மலிவு ஆர்பரில் வெட்டும் விசையெல்லாம் மரையில் ஏறி, ஹோல் சா ஆர்பரோடு இறுகிக்கொள்ளும். பிறகு அதைப் பிரிப்பதே தனி வேலை.

அடியில் இடம் பண்ணுதல்

சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் ஸ்டாண்ட் கொடுத்துப் பின் சக்கரங்களைக் கழற்றினால் கை நுழைய இடம் கிடைக்கும். ஆனால் அளவெடுப்பை சக்கரம் மாட்டியிருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

ஸ்டெப்னியை இறக்கி வெளியே எடுத்தாயிற்று. இரண்டு பக்கமும் வீல் ஆர்ச் உள்லைனரைக் கழற்றினால் ஃபிரேமின் மேல்பகுதி கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் கிளிப்களின் நடுப்பின்னை முதலில் கிளப்பிவிட்டு இழுத்தால் உடையாது. சைலன்சர் குழாய் குறுக்கே நின்றால் ரப்பர் தொங்கல்களில் சோப்புத் தண்ணீர் தெளித்து, கம்பியை நழுவவிட்டு, குழாயைச் சில அங்குலம் இறக்கிக் கயிற்றில் தாங்கிக்கொள்ளலாம். அந்தரத்தில் தொங்கவிட்டால் முன்பக்க இணைப்பு வளையும். வெப்பத் தடுப்புத் தகடு சைடு பிளேட்டில் இடிக்கும் மாடல்களில், தாளில் காட்டிய அளவுக்கு மட்டும் வெட்ட வேண்டும். தகட்டையே தூக்கி எறிந்தால் சைலன்சர் சூடு மேலே உள்ள வயருக்கும் பெட்டுக்கும் நேராகப் போகும்.

ஃபிரேமின் உள்பக்கத்தில் பிரேக் குழாய், ஏபிஎஸ் வயர், டீசல் அல்லது பெட்ரோல் லைன், பின்விளக்கு ஹார்னெஸ் எல்லாம் ஓடும். எங்கெங்கே ஓடுகின்றன என்று டார்ச் அடித்துப் பார்த்து, செல்ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சைடு பிளேட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஒரு வயர் நசுங்கியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அந்தப் படம்தான் பதில் சொல்லும்.

அளவு

தாளில் பெட்டின் பின்விளிம்பிலிருந்து துளையின் மையம் வரை ஒரு அளவு இருக்கும். வண்டி மாடலுக்கு மாடல், பெட் நீளத்துக்கு நீளம் மாறும். கிட் எண், வண்டியின் ஆண்டு, பெட் நீளம் மூன்றும் தாளோடு பொருந்துகின்றனவா என்பது முதல் சோதனை. அளக்க வேண்டியது டெயில்கேட்டிலிருந்து அல்ல, பெட் தளத் தகட்டின் விளிம்பிலிருந்து. டெயில்கேட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது. தளத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் எடுத்துவிடுங்கள், அதன் தடிமன் அளவில் சேர்ந்துகொள்ளும்.

அந்த ஓர் அளவை மட்டும் நம்பி டிரில்லை எடுக்கக்கூடாது. முற்றிலும் வேறொரு இடத்திலிருந்து தொடங்கும் இரண்டாவது அளவு ஒன்று வேண்டும். அதற்குத்தான் சக்கரம் மாட்டியிருக்க வேண்டும். பின் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்டக்கோலை நெட்டுக்குத்தாகப் பிடித்து, பெட்டின் மேல்விளிம்பில் டேப் ஒட்டிக் குறி போடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டு குறிகளுக்கும் நடுவில் நூல் கட்டினால் அதுதான் ஆக்ஸில் கோடு. அந்த நூலிலிருந்து தூக்குநூல் விட்டுத் தளத்தில் புள்ளி வைத்தால், தாள் சொன்ன மையம் அந்தப் புள்ளிக்குச் சில அங்குலம் முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தாலோ, ஓரடி முன்னால் போனாலோ, கிட் தப்பு அல்லது அளந்த தொடக்கம் தப்பு. வெறும் வண்டியில் பின்பக்கம் தூக்கி நிற்கும், லீஃப் ஸ்பிரிங் அமுங்கினால் ஆக்ஸில் கொஞ்சம் நகரும். அது இந்தச் சோதனையைக் கெடுக்கும் அளவுக்குப் பெரிய நகர்வு அல்ல.

குறுக்கு அளவில்தான் ஒரு நுணுக்கம். இரண்டு வீல் ஆர்ச்சுக்கும் நடுவில் உள்ள அகலத்தை முன்முனையிலும் பின்முனையிலும் அளந்து, பாதியாக்கி, இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் பெட்டின் நடுக்கோடு கிடைக்கும். ஆனால் நடுத்தலையைத் தாங்குவது பெட் அல்ல, ஃபிரேம். கிராஸ் மெம்பரும் சைடு பிளேட்டும் ஃபிரேமின் துளைகளுக்குக் கட்டுப்பட்டவை, தலை பக்கவாட்டில் எங்கே நிற்கும் என்பதை அவைதான் முடிவுசெய்யும். பெட் ஃபிரேமின் மேல் கால் அங்குலம் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பது அபூர்வம் இல்லை, முக்கியமாக ஏற்கெனவே ஒரு முறை பெட் கழற்றப்பட்ட வண்டிகளில். அதனால் கீழே போய், பெட்டின் நடுக்கோட்டை ஃபிரேமின் இரண்டு உள்சுவர்களோடும் ஒப்பிட வேண்டும். பெரிய துளைக்கு முன் அதன் மையத்தில் போடும் 1/8 பைலட் துளை இதற்கும் உதவும்: மேலிருந்து போட்ட அந்தச் சின்னத் துளையின் இருபுறமும் ஃபிரேம் வரை அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபிரேமின் நடுவைத்தான் பின்பற்ற வேண்டும், அல்லது பெட் போல்ட்களைத் தளர்த்தி பெட்டைச் சற்று நகர்த்திச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

தலை தளத்தின் அடியில் தட்டையாக ஒட்டும் வகை கிட்டாக இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. பெரிய துளை போடும் முன்பே கிராஸ் மெம்பர், தலை, சைடு பிளேட் எல்லாவற்றையும் கைமுறுக்கில் மாட்டி, தலையின் குழிக்கு நடுவே கீழிருந்து மையம் குறித்துக்கொண்டு, பிறகு மேலிருந்து வெட்டலாம். இரண்டு தடவை மாட்டும் வேலைதான். ஆனால் துளை மையம் தவறவே தவறாது. இந்த வண்டியில் பெட்டும் ஃபிரேமும் ஒத்துப்போனதால் அது தேவைப்படவில்லை.

பைலட் பிட்டில் நுனியிலிருந்து அரை அங்குலம் விட்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். தகடு துளைத்ததும் பிட் சடாரென்று உள்ளே பாயும், கீழே இருப்பது எரிபொருள் லைனாகவும் இருக்கலாம். பைலட் வந்ததும் கீழே படுத்து பாருங்கள்: 2 அங்குல ஆரத்துக்குள் பெட்டின் அடிச்சட்டமோ வயரோ வருகிறதா? அடிச்சட்டத்தின் மேல் துளை விழுகிறது என்றால் நிறுத்திவிட்டு அளவை முதலிலிருந்து எடுக்க வேண்டும். சரியான கிட்டில் அப்படி விழாது.

துளை

பைலட்டை 1/4 ஆக்கிய பிறகு ஹோல் சா. பெட் தளம் தட்டையாக இருக்காது, மேடும் பள்ளமுமாக வரிவரியாக இருக்கும். அதனால் 4 அங்குல ரம்பத்தின் பற்கள் முதலில் மேட்டில் மட்டும் கடிக்கும். கடித்த பல்லில் டிரில் முழு விசையும் ஏறி, கைப்பிடி மணிக்கட்டைத் திருப்பிவிடும். பெரும்பாலான காயங்கள் நடப்பது இங்கேதான். டிரில்லை முதலில் தலைகீழ்ச் சுற்றில் ஓட்டி, லைனரிலும் பெயிண்ட்டிலும் ஒரு வட்டக் கீறல் விழவைத்துவிட்டு, பிறகு முன்சுற்றுக்கு மாறினால் கடி குறையும். வேகம் நிமிடத்துக்கு 100 சுற்றைத் தாண்ட வேண்டாம். டிரிகரை முழுக்க அழுத்தினால் பற்கள் நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். பக்கக் கைப்பிடியை பெட் சுவரிலோ முழங்காலிலோ முட்டுக் கொடுத்து, ரம்பத்தை ஆட்டாமல், எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, மேட்டை வெட்டி முடித்துப் பள்ளத்தை எட்டும் வரை அழுத்தமே கூடாது. கடைசி ஓரத்தில் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மறுபடியும் கடிக்கும், அங்கே இன்னும் மெதுவாக.

ஸ்பிரே லைனரை அப்படியே வெட்டலாம், ரம்பப் பல்லில் ரப்பர் ஒட்டிக்கொண்டால் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டுத் தொடரலாம். கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் லைனர் என்றால் வெளியே எடுத்துவிட்டுத் தளத்தை வெட்டி, லைனரைத் தனியாக, இன்னும் பெரிதாக வெட்ட வேண்டும். ஃபோர்டு சூப்பர் டியூட்டி 2017 மாடலிலிருந்து அலுமினிய பெட். வெட்டுவது சுலபம், ஆனால் இரும்பு வாஷரோ ஸ்பிரிங்கோ வெறும் அலுமினியத்தில் ஈரத்தோடு உரசிக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நடுவே கிட்டோடு வரும் பிளாஸ்டிக் தடுப்போ, நல்ல பூச்சோ இருந்தே ஆக வேண்டும்.

வெட்டி முடித்ததும் அரத்தால் மேல்பிசிறு, கீழ்ப்பிசிறு இரண்டையும் எடுத்து, விரல் ஓட்டினால் கீறாத வரை தேய்த்து, துத்தநாகப் பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் பெயிண்ட். தலை மேலே ஏறிவிட்டால் கீழ்விளிம்புக்குத் தூரிகை எட்டாது, அதனால் இதை இப்போதே முடிக்க வேண்டும். இரும்புச் சுருள்களை வாக்குவமும் காந்தமும் வைத்து எடுத்துவிடுங்கள். தளத்தில் மட்டுமல்ல, கீழே ஃபிரேமின் மேல்முகத்திலும் வயர் கட்டுகளிலும் கொட்டியிருக்கும். ஒரு மழை பெய்ததும் லைனரில் ஒவ்வொரு துகளும் துருப்புள்ளியாகப் பூக்கும்.

கிராஸ் மெம்பரும் தலையும்

கிராஸ் மெம்பர்கள் ஃபிரேமின் மேல்முகத்துக்கும் பெட்டின் அடிக்கும் நடுவே வீல் ஆர்ச் வழியாக நுழைய வேண்டும். சில வண்டிகளில் அந்த இடைவெளி போதாது. அப்போது ஒரு பக்கத்து பெட் போல்ட்களைத் தளர்த்தி, மறுபக்கத்தைக் கொஞ்சம் இளக்கி, மரக்கட்டை வைத்த ஜாக்கால் பெட்டை ஓரங்குலம் தூக்கினால் நுழையும். தூக்கும் முன் எரிபொருள் நிரப்பு வாயின் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள், பெட்டுக்கும் ஃபிரேமுக்கும் உள்ள எர்த் வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள். பெட்டின் முன்மூலை கேபினில் உரசாமல் நடுவே அட்டை வைக்கலாம்.

முன் கிராஸ் மெம்பருக்கும் பின் கிராஸ் மெம்பருக்கும் வடிவம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் மாற்றிப்போடக்கூடாது. துளைகளின் தூரம் சில மில்லிமீட்டர்தான் வேறுபடும், கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் சைடு பிளேட் துளை சேராமல் நிற்கும்போதுதான் தெரியும். எண் முத்திரையைப் பார்த்து சாக்பீஸால் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

தலைதான் கனமான பாகம். படுத்துக்கொண்டு கையால் தூக்கிப் போல்ட் போடப் பார்க்க வேண்டாம். ஜாக்கின் தட்டில் வைத்து, கழுத்து பெட் துளைக்கு நேராக வரும்வரை நகர்த்தி, மெதுவாக ஏற்றி, கிராஸ் மெம்பர்களுக்கு நடுவே நிறுத்தி, எல்லா போல்ட்களையும் விரல்முறுக்கில் மட்டும் விடுங்கள். பூட்டுக் கைப்பிடியின் தண்டு டிரைவர் பக்கம் நோக்கியிருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். தலைகீழாகவோ பின்முன்னாகவோ ஏற்றிவிட்டு, முடுக்கிய பிறகு கவனித்தால் முழுவதையும் இறக்க வேண்டிவரும்.

சைடு பிளேட்

சைடு பிளேட் ஃபிரேமின் வெளிச்சுவரில் ஒட்டி, மேலே கிராஸ் மெம்பர்களைப் பிடிக்கும். போல்ட்கள் ஃபிரேமில் ஏற்கெனவே உள்ள துளைகளில்தான் போகும். ஃபிரேம் மூடிய பெட்டி வடிவம் என்பதால் உள்ளே கை போகாது, அங்கேதான் கிட்டோடு வரும் சுருள் நுனிக் கம்பி உதவும். போல்ட் வெளியே வர வேண்டிய துளையில் கம்பியின் சுருள்முனையை நுழைத்து, அருகிலுள்ள பெரிய துளை வழியாக வெளியே இழுத்து, அதில் முதலில் சதுரத் தகட்டைக் கோத்து, பிறகு போல்ட்டின் மரையைச் சுருளுக்குள் திருகி, இரண்டையும் உள்ளே தள்ளிவிட்டு, கம்பியை இழுத்தால் போல்ட் தன் துளையில் தலைநீட்டும். கோக்கும் வரிசை மாறினால் தகடு இல்லாமல் போல்ட் வந்து நிற்கும். போல்ட் தலை மட்டும் துளை விளிம்பைப் பிடித்து நிற்பதுபோல் தோன்றும், எடை ஏறினால் உள்ளே இழுபட்டுவிடும்.

கம்பியைக் கழற்றும் கணம் ஆபத்தானது. போல்ட்டை ஒரு கையால் வெளியே இழுத்துப் பிடித்தபடியே சுருளை எதிர்ச்சுற்றாகத் திருகி எடுத்து, உடனே நட்டை இரண்டு மரையாவது ஏற்றிவிட வேண்டும். கை நழுவினால் போல்ட் ஃபிரேமுக்குள் கடகடவென்று உருளும். காந்தத்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம், ஆனால் தகடும் போல்ட்டும் பிரிந்து விழுந்தால் நேரம் போகும்.

துளை சேரவில்லை என்றால் ஃபிரேமைத் துளைத்துப் பெரிதாக்கலாம் என்ற எண்ணம் வரும். வேண்டாம். தாளில் எங்கே துளையிடச் சொல்லியிருக்கிறதோ அங்கே மட்டும்தான். ஃபிரேமின் மேல், கீழ் விளிம்புகளில் துளையோ வெல்டிங்கோ கூடவே கூடாது. வளைவு விசை அதிகம் ஏறும் இடங்கள் அவை, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பெரும்பாலும் துளை சேராததற்குக் காரணம் வேறெங்காவது ஒரு போல்ட்டை அவசரப்பட்டு இறுக்கியதுதான். எல்லாவற்றையும் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் கிராஸ் மெம்பரைத் தட்டினால் சேர்ந்துவிடும்.

முடுக்குதல்

எல்லா போல்ட்டும் விரல்முறுக்கில் இருக்கும்போது தலையை ஜாக்கால் தளத்தின் அடியோடு ஒட்டும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து பார்த்து, குண்டின் குழி பெட் துளைக்கு நடுவில் சுற்றிலும் சம இடைவெளியோடு நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு, தாளில் உள்ள வரிசைப்படி முடுக்குங்கள். தலைக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு முடுக்கினால் தகடு மிதந்துகொண்டிருக்கும், மேலே சரக்கு விழுந்தால் துளையைச் சுற்றிக் குழியும். ஜாக்கால் அதிகம் ஏற்றித் தளத்தைத் தள்ளி வைத்தே முடுக்கிவிட்டால் தகடு நிரந்தரமாகப் புடைத்து நிற்கும். தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அழுத்தக்கூடாது.

முறுக்கு விசைக்குத் தாள்தான் அதிகாரம். எண்ணெய் படாத மரையில் கிரேடு 5 போல்ட்டுக்கு வழக்கமாக 1/2 அங்குலத்துக்கு 75 அடி-பவுண்டு, 5/8 அங்குலத்துக்கு 150 அடி-பவுண்டு அளவில் வரும். மரையில் கிரீஸ் தடவிவிட்டு அதே எண்ணுக்கு முடுக்கினால் போல்ட் அதிகமாக இழுபடும். இம்பாக்ட் ரெஞ்ச் நட்டை ஓட்டிக்கொண்டுபோக மட்டும், கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில்தான். முடித்த ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயிண்ட் மார்க்கரில் ஒரு கோடு இழுத்தால், பின்னால் எது நகர்ந்தது என்று ஸ்பேனர் இல்லாமலே தெரியும்.

பூட்டும் சங்கிலியும்

கைப்பிடித் தண்டு வீல் ஆர்ச் வழியாக வெளியே வரும். குண்டை இறக்கி, கைப்பிடியை விட்டால், பூட்டுப் பின் குண்டின் தண்டுக்குள் முழுதாகப் பாய வேண்டும். பாதி போய் நின்றால் கைப்பிடி சொல்லிவிடும்: முழு மூடிய நிலையில் அது உட்காரும் பள்ளத்தில் உட்காராது. பெயிண்ட் திட்டு, இரும்புத் துகள், அல்லது தண்டு லைனரில் உரசுவது, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். குண்டின் சதுரத் தண்டில் லேசாக கிரீஸ் தடவினால் குளிர்காலத்தில் துருப்பிடித்து மாட்டிக்கொள்ளாது.

சங்கிலிக்கான யூ போல்ட் துளைகளை மேலிருந்து அளந்து போட வேண்டாம். தலையில் உள்ள துளைகளையே வழிகாட்டியாக வைத்து, கீழிருந்து சிறிய பிட்டால் தளத்தைத் துளைத்துக் குறிவைத்துக்கொண்டு, பிறகு மேலிருந்து தேவையான அளவுக்குப் பெரிதாக்குங்கள். யூ போல்ட் மேலிருந்து இறங்கி, கீழே ஸ்பிரிங், வாஷர், நைலாக் நட். நட்டை ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்வரை முடுக்கினால் யூ போல்ட் மேலே எழாது, சங்கிலிக் கொக்கி நுழையாது. மரை நுனி நட்டின் நைலானைத் தாண்டி வெளியே தெரிந்தால் போதும்.

வயரிங்

பெட்டுக்குள் 7 பின் சாக்கெட் ஒன்று வேண்டும். பம்பரில் உள்ள கம்பெனி சாக்கெட்டின் முதுகிலிருந்து பிரியும் இடைச்செருகு ஹார்னெஸ் வாங்கினால் எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை. பெட்டின் பக்கச் சுவரில் துளை போட்டு, விளிம்பைப் பெயிண்ட் செய்து, ரப்பர் வளையம் வைத்து மாட்டுங்கள். சைலன்சர் பக்கம் வயர் போக வேண்டாம். டெஸ்டர் வைத்துப் பார்க்கும்போது வழக்கமான நிறங்கள்: வெள்ளை எர்த், கறுப்பு 12 வோல்ட், நீலம் மின்பிரேக், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது, நடுப்பின் ரிவர்ஸ். விளக்கு மங்கலாகவோ ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகவோ எரிந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

டிரெய்லரைக் கோத்த பிறகு

சமதளத்தில் கப்லரை (குண்டைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லரின் பாகம்) இறக்கி, பூட்டி, சங்கிலிகளை மாட்டி, டிரெய்லர் பிரிந்துபோனால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சின் கேபிளை வண்டியில் தனியாகக் கட்டுங்கள். சங்கிலியிலேயே கட்டினால், சங்கிலி அறுந்தால்தான் அது வேலை செய்யும். பிறகு டிரெய்லரின் ஜாக்கைச் சற்று மேலே ஏற்றிப் பாருங்கள். பூட்டு பிடித்திருந்தால் வண்டியின் பின்பக்கம் அதோடு கொஞ்சம் எழும். கப்லர் மட்டும் எழுந்தால் பூட்டு விழவில்லை.

பெட் சுவரின் மேல்விளிம்புக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் குறைந்தது 6 அங்குலம் இடைவெளி வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இந்த 6 அங்குலம் சீக்கிரம் கரைந்துவிடும். ஆறரை அடி பெட்டில் இன்னொன்று: குண்டிலிருந்து கேபினின் பின்சுவர் வரை உள்ள தூரமும், டிரெய்லர் மூக்கு குண்டுக்கு முன்னால் நீட்டும் தூரமும். தட்டைத் தள டிரெய்லர்களில் கழுத்து ஒல்லி என்பதால் சிக்கல் வராது. மூக்கு அகலமான, குண்டைத் தாண்டி முன்னால் நீளும் டிரெய்லர்களில், முழு வளைவில் பின்னால் எடுக்கும்போது மூலை கண்ணாடியில் இடிக்கும். வெறும் இடத்தில் ஒருவர் வெளியே நின்று பார்க்க, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

முதல் இழுவை முடிந்து சுமார் 50 மைலில் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள், தாள் வேறு எண் சொன்னால் அதன்படி. ஃபிரேம் பெயிண்ட்டும் பவுடர் கோட்டிங்கும் அழுந்தி இடம் கொடுப்பதால் முதல் முறை கொஞ்சம் தளர்வது இயல்பு. இரண்டாம் முறையும் அதே போல்ட் நகர்ந்தால், அந்த இடத்தில் தகடு சரியாக உட்காரவில்லை, கழற்றிப் பார்க்க வேண்டும்.

புறப்படும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ‘டங்’ என்று சத்தம் கேட்டால் ஹிட்ச்சைக் குறைசொல்லும் முன், எது ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவர் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கன்ட்ரோலர் லீவரில் கையால் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்குலம் முன்னும் பின்னும் அசைக்க, இன்னொருவர் பெட்டுக்குப் பக்கவாட்டில், சக்கரத்துக்கு எட்டி நின்று கவனிக்கலாம். கப்லர் குண்டின் மேல் நகர்ந்தால் கப்லரின் பூட்டுத் தகட்டைச் சரிசெய்ய வேண்டும். குண்டு குழிக்குள் நூலிழை ஆடினால் அது எல்லா ஹிட்ச்சிலும் உள்ள இடைவெளி, கிரீஸ் வைத்தால் சத்தம் குறையும். தலையே தளத்துக்கு எதிராக நகர்ந்தால் மட்டும் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, பெயிண்ட் கோடுகளைப் பார்க்க டார்ச்சோடு அடியில் போக வேண்டும்.